நோயை அறிவது தவக்குலுக்கு முரணாகுமா?

நமது இல்லங்களில் அடிக்கடி நேரும் ஒரு நிலைமையை எடுத்துக்கொள்வோம். வீட்டுப் பெரியவருக்கு மூச்சு வாங்குகிறது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர், நெஞ்சில் நீர் கோர்த்திருக்கிறது என்கிறார். ஊசி போட்டு நீரை எடுக்கிறார்கள். பதினைந்து நாளில் மீண்டும் சேர்ந்துவிடுகிறது. எடுத்த நீரைச் சோதித்தும் நோய் இன்னதென்று தெளிவாகவில்லை. அப்போது டாக்டர், "விலாவில் சிறு துவாரமிட்டு, உள்ளே குழாய் விட்டுப் பார்த்து, ஒரு சதைத் துணுக்கை எடுத்துச் சோதித்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும்" என்கிறார். வீட்டார் கூடிப் பேசுகிறார்கள். "கத்தி படவே வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறதோ இருக்கட்டும். அல்லாஹ் விட்ட வழி" என்று ஒருவர் சொல்லி விடுகிறார். மற்றவர்கள் மௌனமாகி விடுகிறார்கள். அல்லாஹ்வின் திருநாமம் கூறப்பட்ட பிறகு யார்தாம் எதிர்த்துப் பேசுவார்கள்?

இந்த மௌனத்தைப் பற்றித்தான் நாம் இங்கே சிந்திக்க விரும்புகிறோம். இதில் மூன்று கேள்விகள் அடங்கியிருக்கின்றன. அல்லாஹ் அமைத்த இந்த உடலை, நோயை அறிந்துகொள்வதற்காக மட்டும் துளைக்கலாமா? அறியாமலேயே இருந்துவிடுவது தவக்குல் ஆகுமா? அறிந்த பிறகு அந்தச் செய்தி யாருக்குச் சொந்தம்? மூன்றாவது கேள்வியே மிகக் கடினமானது. அதில் நாம் செய்யும் தவறு, மய்யித்தை அடக்கிய பின்னும் நம்மைத் தொடர்ந்து வரக்கூடியது.

துவாரத்தின் வழியே ஒரு கண்

முதலில் இந்தச் சிகிச்சை இன்னதென்று தெரிந்துகொள்வோம். நுரையீரலின் மேல் மெல்லிய உறை ஒன்று உண்டு. நெஞ்சுச் சுவரின் உட்புறத்திலும் அது போன்றதோர் உறை உண்டு. இவ்விரண்டுக்கும் இடையில் சிறிதளவு ஈரம் மட்டுமே இருக்க வேண்டும். அங்கே நீரோ, சீழோ, இரத்தமோ, காற்றோ புகுந்துவிட்டால் நுரையீரல் விரிய இடமின்றி மூச்சு முட்டுகிறது.

அந்த இடைவெளியைப் பார்க்க முற்காலத்தில் நெஞ்சையே திறக்க வேண்டியிருந்தது. விலாவில் ஒரு சாணுக்கும் அதிகமாகக் கீறி, எலும்புகளை இரும்புக் கருவியால் விலக்கிப் பிடித்துத்தான் உள்ளே கை வைப்பார்கள். இன்று இரண்டு விலா எலும்புகளுக்கு நடுவே ஓர் அங்குலம் அல்லது அதற்கும் குறைவான துவாரமிட்டு, விளக்கும் காமிராவும் பொருத்திய மெல்லிய குழாயை உட்செலுத்துகிறார்கள். நெஞ்சினுள்ளே இருப்பது எதிரிலுள்ள திரையில் பெரிதாகத் தெரிகிறது. இதற்குத் தோரகோஸ்கோப்பி என்று பெயர்.

இது இரு வகைப்படும். உறையைப் பார்த்துத் துணுக்கு எடுப்பது மட்டுமே நோக்கமானால், அந்த இடத்தை மரத்துப் போகச் செய்து, லேசான மயக்கம் கொடுத்து, ஒரே துவாரத்தின் வழியாக நுரையீரல் நோய் டாக்டரே செய்துவிடுவார். நுரையீரலில் கைவைக்க வேண்டுமானால் முழு மயக்கம் கொடுத்து, ஒரு பக்கத்து நுரையீரலைச் சற்று நேரம் அடங்கியிருக்கச் செய்து, மறுபக்கத்தால் மட்டும் சுவாசிக்க வைத்து, ஒன்று முதல் மூன்று நான்கு துவாரங்களின் வழியாக அறுவை மருத்துவர் செய்வார். சீழ்க்கட்டிய உறையை உரித்தெடுப்பது, காற்று கசியும் கொப்புளத்தை நீக்குவது, ஆரம்பநிலைப் புற்றுநோயுள்ள நுரையீரல் பகுதியை எடுப்பது ஆகியவை எல்லாம் இம்முறையில் நடைபெறுகின்றன. முடிந்த பின் ஒரு குழாயை உள்ளே விட்டு, அதன் மறுமுனையை நீருள்ள பாட்டிலில் வைத்திருப்பார்கள். காற்றும் நீரும் வெளியேறி நுரையீரல் விரிந்ததும் அதை எடுத்துவிடுவார்கள்.

பிரிட்டனில் ஒன்பது மருத்துவமனைகளில் 503 நோயாளிகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2022-இல் வெளிவந்தது. நுரையீரல் புற்றுநோய்க்காகத் துவாரமுறையில் சிகிச்சை பெற்றவர்களுக்கு, நெஞ்சைத் திறந்து செய்யப்பட்டவர்களைவிட வலி குறைவாக இருந்தது. அவர்கள் ஒரு நாள் முன்னதாகவே வீடு திரும்பினார்கள். நோயைப் பிடுங்கி எடுப்பதில் இந்த முறை அதற்குப் பின்தங்கவும் இல்லை.

பழையதும் புதியதும்

இது நேற்று முளைத்த முறையன்று. சுவீடன் நாட்டு மருத்துவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் யாக்கோபியஸ், சிறுநீர்ப்பையைப் பார்ப்பதற்கென இருந்த குழாய்க் கருவியை நெஞ்சுக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் செலுத்திப் பார்த்ததை 1910-இல் வெளியிட்டார். அக்காலத்தில் காசநோய்க்கு மருந்தில்லை. நோயுற்ற நுரையீரலைச் சுருங்க வைத்து ஓய்வு கொடுப்பதே சிகிச்சை. நுரையீரல் சுருங்கவிடாமல் நெஞ்சுச் சுவரோடு ஒட்டியிருக்கும் இழைகளை இக்குழாயின் உதவியால் சுட்டு அறுத்தார்கள். 1943-இல் ஸ்ட்ரெப்டோமைஸின் கண்டுபிடிக்கப்பட்டு, அதன்பின் வேறு மருந்துகளும் வரவே, இந்த முறைக்குப் பெரும்பாலும் வேலையற்றுப் போயிற்று. பின்னர் சிறிய வீடியோ காமிராக்கள் வந்ததும் 1990-களின் தொடக்கத்தில் புத்துயிர் பெற்றது.

இன்னும் பின்னே சென்றால் நம் முன்னோர்களையே அங்கே காண்கிறோம். இதயத்தின் வலப்பக்கத்து இரத்தம் நுரையீரலுக்குச் சென்று, காற்றோடு கலந்து, இடப்பக்கத்துக்கு வருகிறது என்பதை முதன்முதலில் எழுதியவர் இப்னுந் நஃபீஸ் (ரஹ்) அவர்கள். டமாஸ்கஸில் கற்று, கெய்ரோவில் வாழ்ந்து, ஹிஜ்ரி 687-இல் (கி.பி. 1288) காலமானார்கள். இரத்தம் இதயத்தின் நடுச்சுவரிலுள்ள துளைகள் வழியே செல்கிறது என்று கேலனும் அவரைப் பின்பற்றியோரும் சொல்லி வந்ததை, அங்கே துளையே கிடையாது என்று துணிந்து மறுத்தார்கள். அவர்களுடைய கையெழுத்துப் பிரதி 1924-இல் பெர்லினில் ஓர் எகிப்திய மருத்துவரின் கண்ணில் பட்ட பிறகே உலகம் இதை அறிந்தது.

இப்னுந் நஃபீஸ் அவர்கள் மருத்துவர் மட்டுமல்லர். ஷாஃபிஈ மத்ஹபின் ஃபிக்ஹைப் போதித்த ஆசிரியருமாவார்கள். உடலை அறுத்துப் பார்ப்பதிலிருந்து ஷரீஅத்தும் தம் உள்ளத்து இரக்கமும் தம்மைத் தடுப்பதாக அவர்களே எழுதியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட பேணுதலுடையவர் நெஞ்சின் உட்புறத்தை அறிவதில் எவ்வளவு ஊக்கம் காட்டினார் என்பதைக் கவனியுங்கள். உடலின் கண்ணியத்தைப் பேணுவதும் உடலை அறிய முயல்வதும் ஒரே மனிதரிடத்தில் ஒன்றாக இருக்க முடியும் என்பதற்கு அவர்களே சான்று.

அறிவதற்காகத் துளைக்கலாமா?

இந்த உடல் நமக்குச் சொந்தமானதன்று. அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானத். ஆகவே தேவையின்றி இதைக் காயப்படுத்த நமக்கு உரிமையில்லை. ஆயினும் தேவைக்காகக் கீறுவது அனுமதிக்கப்பட்டதே. நாயகம் (ஸல்) அவர்கள் இரத்தம் குத்தி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். உபை இப்னு கஅப் (ரலி) அவர்களிடம் ஒரு மருத்துவரை அனுப்பி வைத்ததாகவும், அவர் ஒரு நரம்பை வெட்டிச் சூடு வைத்ததாகவும் ஸஹீஹ் முஸ்லிமில் அறிவிக்கப்பட்டுள்ளது.

"அவையெல்லாம் சிகிச்சைக்காகச் செய்தவை. இங்கே வெறுமனே பார்ப்பதற்காக அல்லவா துளைக்கிறார்கள்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இதற்கு விடை, நோக்கத்தின் சட்டமே அதற்குரிய வழிக்கும் சட்டம் என்று நம் ஃபுகஹாக்கள் வகுத்த விதியில் இருக்கிறது. எந்த நோய் என்று அறியாமல் மருந்தைத் தேர்ந்தெடுக்க இயலாதபோது, அறிவதும் சிகிச்சையின் ஒரு பகுதியாகி விடுகிறது.

நெஞ்சில் நீர் கோர்ப்பதற்குக் காரணங்கள் பல. இதயம், ஈரல், சிறுநீரகம் ஆகியவற்றின் பலவீனத்தாலும் நீர் சேரும். காசநோயாலும் சேரும். புற்றுநோயாலும் சேரும். காசநோயானால் பொதுவாக ஆறு மாத மருந்தில் குணமாகிவிடும். நம் நாட்டில் அரசாங்கமே அதை இலவசமாகத் தருகிறது. மாத்திரைகளைத் தவறாமல் உட்கொண்டால், சானடோரியத்தில் படுத்திருந்தவர்களைப் போலவே வீட்டிலிருந்தபடி மருந்துண்டவர்களும் குணமடைகிறார்கள் என்பதை 1959-இல் உலகுக்கு எடுத்துக் காட்டியதே நமது சென்னையில் நடந்த ஆய்வுதான். புற்றுநோயானாலோ வழியே வேறு. நீர் மறுபடி சேராதிருக்க, அதே துவாரத்தின் வழியாக டால்க் பொடியைத் தூவி இரண்டு உறைகளையும் ஒட்ட வைப்பார்கள். நோயின் இனத்துக்கேற்ற மருந்துகள் கொடுப்பார்கள். முதல் நோயின் மருந்து இரண்டாவதற்கு உதவாது. ஊகத்தின் பேரில் காசநோய் மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கிக்கொண்டிருக்க, உள்ளே புற்றுநோய் வளர்ந்து வருமானால், அந்த மாதங்களைத் திருப்பித் தருபவர் யார்?

நீரை மட்டும் எடுத்துச் சோதித்தால், உறையில் புற்றுநோய் உள்ளவர்களில் ஏறத்தாழ 60 சதவீதத்தினருக்கே அது தெரிய வருகிறது. குழாய் விட்டு நேரில் பார்த்துத் துணுக்கு எடுத்தால் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்குத் தெளிவாகி விடுகிறது. அதற்காக, நீர் கோர்த்தவர்கள் எல்லோருக்கும் துவாரம் தேவை என்பதில்லை. நீர்ச்சோதனையும் சளிச்சோதனையுமே பலருக்குப் போதுமானவை. எளிய வழி விடை தராதபோதுதான் அடுத்த வழியைத் தேட வேண்டும்.

தவக்குல் எங்கே தொடங்குகிறது?

இனி இரண்டாவது கேள்வி. கிராமத்து அரபிகள் வந்து, நாங்கள் மருந்து செய்துகொள்ளலாமா என்று கேட்டபோது, மருந்து செய்துகொள்ளுமாறும், முதுமை ஒன்றைத் தவிர ஏனைய நோய்கள் அனைத்துக்கும் அல்லாஹ் நிவாரணம் வைத்திருக்கிறான் என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதாக அபூதாவூதிலும் திர்மிதியிலும் காண்கிறோம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன செய்தியை நம் பிள்ளைகள் கூட அறிவார்கள்.

அம்வாஸ் கொள்ளைநோய்க் காலத்தில் (ஹிஜ்ரி 18, கி.பி. 639) ஷாம் நாட்டை நோக்கிச் சென்ற கலீஃபா உமர் (ரலி) அவர்கள், நோய் பரவியிருப்பதைக் கேட்டறிந்து, ஸஹாபாக்களைக் கலந்தாலோசித்து, வழியிலேயே திரும்ப முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் கத்ரை விட்டு ஓடுகிறீர்களா என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் கேட்டபோது, அவனுடைய ஒரு கத்ரிலிருந்து மற்றொரு கத்ருக்கே செல்கிறோம் என்ற கருத்தில் பதிலளித்தார்கள். இதில் நாம் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. உமர் (ரலி) அவர்கள் முடிவெடுக்குமுன் செய்தியைக் கேட்டறிந்தார்கள். "நிலைமை எப்படியிருந்தாலும் சரி, சொல்ல வேண்டாம்" என்று காதைப் பொத்திக்கொள்ளவில்லை.

"மருந்தை விட்டுவிட்டுப் பொறுமை காப்பதும் சிறப்புத்தானே? வலிப்பு நோயுற்ற பெண்மணியின் ஹதீஸ் இருக்கிறதே?" என்று சிலர் கேட்பார்கள். ஆம், புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. அப்பெண்மணி தம் நோய்க்காகத் துஆச் செய்யும்படி வேண்டினார்கள். பொறுமை காத்தால் சுவனம் உண்டு, விரும்பினால் குணத்துக்காகத் துஆச் செய்கிறேன் என்று நாயகம் (ஸல்) அவர்கள் இரண்டு வழிகளையும் எடுத்து வைத்தார்கள். பொறுமையையே அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். உடல் மறைவு திறந்துவிடாதிருக்க மட்டும் துஆச் செய்யக் கேட்டார்கள்.

இந்த ஹதீஸைக் காட்டி மருந்தை மறுப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அப்பெண்மணிக்குத் தம் நோய் இன்னதென்று தெரியும். அது தம்மை என்ன செய்கிறது என்பதும் தெரியும். இரண்டு வழிகளும் முன்னால் வைக்கப்பட்டன. தேர்ந்தெடுத்ததும் அவர்களேதாம்; அவர்களுக்காக அவர்களுடைய அண்ணனோ மாமனோ தேர்ந்தெடுக்கவில்லை. தெரிந்து சுமப்பதற்கே ஸப்ரு என்று பெயர். என்ன சுமை என்று பார்க்கவும் அஞ்சி முகத்தைத் திருப்பிக்கொள்வது அச்சமாகும். அச்சம் மனித இயல்பு. அதற்காக யாரையும் நாம் குறைகூற மாட்டோம். ஆனால், அச்சத்துக்குத் தவக்குல் என்று பெயர் சூட்டி அல்லாஹ்வின் மீது பாரத்தைப் போடுவது சரியன்று.

1992-இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி இதுபற்றி விரிவாகத் தீர்மானித்துள்ளது. விட்டுவிட்டால் உயிரோ உறுப்போ போய்விடும் என்ற நிலையிலும், நோய் பிறருக்குத் தொற்றும் என்ற நிலையிலும் சிகிச்சை வாஜிபாகிறது. விடுவதால் உடல் பலவீனமடையுமானால் அது விரும்பத்தக்கது. நீக்க நினைக்கும் நோயைவிடப் பெரிய கேடு சிகிச்சையாலேயே விளையும் என்று அஞ்சினால் அது வெறுக்கத்தக்கது. நுரையீரலில் காசநோய் உள்ளவர் அதை அறிய மறுத்தால், அவர் மூச்சுக் காற்றைப் பகிர்ந்துகொள்ளும் பேரப்பிள்ளைகளின் உயிரும் அந்த மறுப்பில் அடங்கியிருக்கிறது. அது அவருடைய சொந்த விஷயமாக மட்டும் நின்றுவிடுவதில்லை.

துவாரம் சிறிதென்றாலும் வரம்பு உண்டு

சிறிய துவாரம் என்பதாலேயே எல்லாம் ஆகுமாகிவிடாது. துவாரம் சிறியதே தவிர, அது திறப்பது நெஞ்சுக்கூடு. இரத்தக்கசிவு, பல நாட்கள் நீடிக்கும் காற்றுக்கசிவு, சீழ், விலா நரம்பில் நீண்டகால வலி ஆகியவை சிலருக்கு ஏற்படுகின்றன. உள்ளே நிலைமை எதிர்பார்த்ததற்கு மாறாக இருந்தால், அங்கேயே நெஞ்சைத் திறக்க வேண்டியும் வரலாம்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) போன்றோர் மனிதத் தேவைகளை ளரூரிய்யாத், ஹாஜிய்யாத், தஹ்ஸீனிய்யாத் என்று மூன்று படிகளாகப் பிரித்தார்கள். உயிர் காப்பது முதற்படி. சிரமம் நீக்குவது இரண்டாம் படி. அழகும் சீரும் மூன்றாம் படி. இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு பார்ப்போம். மூச்சு முட்டும் சீழை நீக்குவது முதற்படி என்பதில் ஐயமில்லை. உள்ளங்கை ஓயாமல் வியர்ப்பவருக்கு, நெஞ்சினுள் ஓடும் ஒரு நரம்பை இதே துவாரமுறையில் துண்டிக்கும் சிகிச்சையும் உண்டு. எழுதவும் கருவி பிடிக்கவும் இயலாத அளவுக்கு வியர்ப்பவருக்கு இது இரண்டாம் படி. கை கொடுக்கக் கூச்சமாயிருக்கிறது என்பதற்காக மட்டுமானால் மூன்றாம் படி. அச்சிகிச்சைக்குப் பின் முதுகிலும் வயிற்றிலும் வியர்வை பெருகிப் பலர் வருந்துகிறார்கள்; அறுத்த நரம்பை மீண்டும் பழையபடி ஆக்குவதும் அரிது. படி இறங்க இறங்க, ஏற்கத்தக்க ஆபத்தின் அளவும் குறைய வேண்டும்.

வயது முதிர்ந்து, உடல் தளர்ந்து, விடை எதுவாயினும் அதற்குரிய மருந்தைத் தாங்கும் வலுவற்றவருக்கு, துணுக்கு எடுப்பதால் என்ன பயன் என்று கேட்க வேண்டும். "இதில் கிடைக்கும் விடை இவருடைய சிகிச்சையை மாற்றுமா?" என்று டாக்டரிடம் கேளுங்கள். மாற்றும் என்றால் அறிவதற்குப் பொருள் உண்டு. மாற்றாது என்றால், மூச்சுக்கு இதமாக நீரை மட்டும் வடித்துவிட்டு விடுவதும் நல்ல மருத்துவமே. அது கைவிடுவதாகாது.

பெண்களின் மறைவு பற்றியும் ஒரு வார்த்தை. நெஞ்சுப் பகுதியைத் திறக்க வேண்டியிருப்பதால் நம் பெண்கள் நோயைச் சொல்லாமலே மறைத்துவிடுவதுண்டு. தேவை ஏற்படும்போது, தேவையான அளவுக்குத் திறப்பதை ஷரீஅத் அனுமதிக்கிறது. பெண் டாக்டர் கிடைத்தால் அவரே முதலில். கிடைக்காவிட்டால் ஆண் டாக்டர் செய்வதில் குற்றமில்லை. அறுவைக்கு ஆயத்தம் செய்வதும், துடைப்பதும், போர்த்துவதும் பெண் நர்சுகளாக இருக்கட்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சொன்னால் பெரும்பாலும் செய்து தருவார்கள். மறைவைப் பேணுவதாக எண்ணி உயிரைப் பணயம் வைக்கும்படி மார்க்கம் கேட்கவில்லை.

செய்தி யாருடைய அமானத்?

இப்போது மூன்றாவது கேள்விக்கு வருகிறோம். துணுக்கின் சோதனை முடிவு வந்துவிட்டது. புற்றுநோய். டாக்டரின் அறைக்கு வெளியே மகன் நின்று, "அத்தாவிடம் சொல்லிவிடாதீர்கள், டாக்டர். சாதாரணச் சளி என்று சொல்லுங்கள்" என்று மன்றாடுகிறார். அன்பினால்தான் மன்றாடுகிறார். அந்த அன்பை நாம் மதிக்கிறோம். ஆனாலும், இது அவருக்கு உரிமையுள்ள முடிவுதானா என்று கேட்டாக வேண்டும்.

ஹிஜ்ரி 23-ஆம் ஆண்டு (கி.பி. 644) துல்ஹஜ் மாதத்தில் உமர் (ரலி) அவர்கள் சுபுஹுத் தொழுகையில் குத்தப்பட்டார்கள். காயம் எவ்வளவு ஆழம் என்று வெளியிலிருந்து தெரியவில்லை. பேரீச்சம்பழம் ஊறிய பானத்தைக் கொடுத்தார்கள். அது காயத்தின் வழியே வெளிவந்தது. இரத்தமோ பானமோ என்று ஐயமிருக்கவே, பால் கொடுத்தார்கள், வெள்ளையாகவே வெளிவந்தது. குடல் கிழிந்திருக்கிறது என்பது உறுதியாயிற்று. குழாயும் விளக்கும் இல்லாத காலத்தில் உடலின் உட்புறத்தை அறிய அவர்கள் கையாண்ட வழி அது. அப்போது மருத்துவர், வஸிய்யத் செய்துகொள்ளுமாறு அமீருல் முஃமினீனிடமே நேராகச் சொன்னார். அவர் உண்மையைச் சொன்னார் என்றும், வேறு விதமாகச் சொல்லியிருந்தால் தாம் நம்பியிருக்கப் போவதில்லை என்றும் உமர் (ரலி) அவர்கள் கூறியதாக இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்களின் முஸ்னதில் வருகிறது.

அதன்பின் அந்தச் சிறிது நேரத்தில் அவர்கள் செய்தவற்றை எண்ணிப் பாருங்கள். மகனார் அப்துல்லாஹ் (ரலி) அவர்களை அழைத்துத் தம் கடனைக் கணக்கிடச் சொன்னார்கள். எண்பத்தாறாயிரம் அளவுக்கு இருந்தது. அதை எதிலிருந்து தீர்க்க வேண்டும் என்று வரிசைப்படுத்திச் சொன்னார்கள். நாயகம் (ஸல்) அவர்களின் அருகில் அடங்குவதற்கு ஆயிஷா (ரலி) அவர்களிடம் அனுமதி கேட்டு ஆளனுப்பினார்கள். அடுத்த கலீஃபாவைத் தேர்ந்தெடுக்க ஆறு பேரை நியமித்தார்கள். "சாதாரணக் காயந்தான், தேறிவிடுவீர்கள்" என்று மருத்துவர் சொல்லி, அவர்களும் நம்பியிருந்தால் இவற்றில் எது நடந்திருக்கும்?

நம் வீட்டுப் பெரியவருக்கும் கணக்குகள் உண்டு. கொடுக்காமல் விட்ட மஹர் இருக்கலாம். யாருக்கும் தெரியாத கைமாற்றுக் கடன் இருக்கலாம். தங்கைக்குச் சேர வேண்டிய வாரிசுப் பங்கைத் தம் பெயரிலேயே வைத்திருக்கலாம். களாவாகிப் போன தொழுகைகளும் விடுபட்ட நோன்புகளும் இருக்கலாம். முப்பது ஆண்டுகளாகப் பேசாத தம்பியிடம் ஸலாம் சொல்ல வேண்டியிருக்கலாம். வாரிசல்லாத ஒருவருக்கு, மூன்றில் ஒரு பங்குக்கு மிகாமல், எதையேனும் எழுதி வைக்க எண்ணியிருக்கலாம். இவற்றையெல்லாம் தீர்க்க அல்லாஹ் அவருக்கு ஆறு மாதமோ ஓராண்டோ அவகாசமும், அதற்கான அறிகுறியும் தந்திருக்க, நாம் குறுக்கே நின்று மறைத்தால், அவருடைய மறுமைச் சுமையில் ஒரு பகுதிக்கு நாமும் பதில் சொல்ல வேண்டி வராதா? தந்தைக்கு வந்த கடிதத்தை மகன் பிரித்துப் படித்துவிட்டுக் கிழித்தெறிவதை நாம் ஒப்புக்கொள்வோமா? இது அதனினும் பெரிய கடிதம்.

மேலும், மேற்கூறிய அகாடமித் தீர்மானத்தில், தெளிந்த அறிவுள்ள நோயாளியிடம் சிகிச்சைக்கு அனுமதி பெறுவது நிபந்தனையாக்கப்பட்டுள்ளது. நோயை மறைத்துவிட்டு வாங்கும் கைரேகை எப்படி அனுமதியாகும்?

"சொன்னால் மனம் உடைந்துவிடுவாரே?" என்பது உண்மையான அச்சமே. நோயாளியிடம் செல்பவர் ஆறுதலான சொற்களையே பேச வேண்டும் என்பது நமக்குக் கற்பிக்கப்பட்ட ஒழுக்கம். அந்த ஒழுக்கம், சொல்லும் விதத்தைப் பற்றியது. அதைப் பொய்க்கு அனுமதியாகக் கொள்ளலாகாது. முழுவதையும் ஒரே நாளில் கொட்ட வேண்டியதில்லை. "உங்கள் நோயைப் பற்றி டாக்டர் சொன்னதைக் கேட்க விரும்புகிறீர்களா, அத்தா?" என்று முதலில் கேளுங்கள். "வேண்டாம், நீயே பார்த்துக்கொள்" என்று அவர் சொன்னால், அதுவும் அவருடைய முடிவே. அவருடைய மன அமைதியைக் குலைக்க வேண்டாம். கடனையும் வஸிய்யத்தையும் மட்டும் பேசிக்கொள்ளுங்கள். அவர் கேட்டால், கேட்ட அளவுக்குச் சொல்லுங்கள். அறியாதிருக்கும் உரிமை அவருக்கு உண்டு. அதை அவருக்காக நாம் எடுத்துக்கொள்ள முடியாது. நாட்களை எண்ணிச் சொல்வதும் வேண்டாம். அஜலின் கணக்கு டாக்டரிடம் இல்லை.

ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் நோயுற்றபோது நாயகம் (ஸல்) அவர்கள் வந்து, அவர்களுடைய நெஞ்சின் மீது திருக்கரத்தை வைத்து, அது நெஞ்சு நோய் என்பதை அவர்களிடமே சொல்லி, ஸகீஃப் கோத்திரத்து மருத்துவர் ஹாரிஸ் இப்னு கலதாவிடம் செல்லப் பணித்ததாக அபூதாவூதில் ஓர் அறிவிப்பு உள்ளது. அதன் ஸனதைப் பற்றி ஹதீஸ்கலை அறிஞர்களிடையே பேச்சு உண்டு. ஆயினும், அதே ஸஅத் (ரலி) அவர்கள் இறுதி ஹஜ்ஜின்போது மக்காவில் கடும் நோயுற்று, பிழைக்கமாட்டோம் என்று எண்ணி, தம் சொத்தை எவ்வளவு தர்மம் செய்யலாம் என்று கேட்டதும், மூன்றில் ஒன்று போதும், அதுவே அதிகம் என்று பதில் பெற்றதும் புகாரியிலும் முஸ்லிமிலும் உறுதியாக வந்தவை. மரணத்தைப் பற்றி அவ்வளவு வெளிப்படையாகப் பேசிய அந்த நோயாளி மனம் உடைந்துவிடவில்லை. அதன்பின் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார்கள். காதிஸிய்யாவில் தளபதியாக நின்றார்கள். கூஃபா நகரை நிறுவினார்கள். உண்மையைப் பேசியதால் அவர்களுடைய ஆயுள் குறையவில்லை.

நாம் செய்ய வேண்டியவை

டாக்டர் நெஞ்சில் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்று சொன்னால், எதற்காக என்றும், எளிய வழி உண்டா என்றும், விடையால் சிகிச்சை மாறுமா என்றும், துவாரமுறையில் முடியாவிட்டால் என்ன செய்வார்கள் என்றும் கேளுங்கள். நோயாளியை உடன் வைத்துக்கொண்டே கேளுங்கள். அறுவைக்கு முன் தொழுது கொள்ளட்டும். நெஞ்சில் குழாயிருக்கும் நாட்களில் உளூ, தயம்மும், கட்டின் மீது மஸஹு, உட்கார்ந்தும் படுத்தும் தொழுவது ஆகியவற்றின் சட்டங்களைத் தம் மத்ஹபின் ஆலிமிடம் முன்னதாகவே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மயக்கத்தில் தவறும் தொழுகைகளைப் பற்றியும் கேளுங்கள். மருத்துவமனைக் கட்டில் தொழுகையிலிருந்து விடுமுறை அளிப்பதில்லை, இலகுவைத்தான் அளிக்கிறது. செலவுக்கு வழியற்றவர்களை மஹல்லாக்காரர்கள் தேடிச் சென்று உதவட்டும். ஏழைகளும் கடனாளிகளும் ஜகாத்துக்கு உரியவர்களே.

துவாரத்தின் வழியே பார்க்கும் கண் மனிதன் செய்த கண். அது உறையையும் கட்டியையும் காட்டும். அந்த நெஞ்சுக்குள் இருக்கும் ஈமானையும் அச்சத்தையும் ஆசையையும் பார்ப்பவன் அல்லாஹ் ஒருவனே. மனிதன் காட்டியதை மறைக்காமலும், அவன் தீர்ப்பைப் பொருந்திக்கொண்டும் நடக்க நமக்கு வலிமை வேண்டும்.

யா அல்லாஹ்! நோயுற்ற எங்கள் பெற்றோருக்கும் மக்களுக்கும் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வாயாக! அவர்களிடம் உண்மையை இதமாகச் சொல்லும் நாவையும், அதைத் தாங்கும் உள்ளத்தையும் எங்களுக்குத் தருவாயாக! கடன் இல்லாதவர்களாக, பிறர் உரிமையைச் சுமக்காதவர்களாக எங்களை உன்னிடம் அழைத்துக்கொள்வாயாக! ஆமீன்.